எட்டு இன்டூ முப்பது

திருப்பூர்ப் பக்கம் நொய்யல் கரையோர ஊர் ஒன்றில், ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் ஒன்பது வருடம் நன்கொடைப் பிரிவில் வேலை பார்த்தேன். விசிட்டிங் கார்டில் பதவி என்னவோ நீளமாகத்தான் இருந்தது. ஊருக்குள் எனக்குப் பெயர் 'வசூல் தம்பி'.

முதல் வருடம் கற்றதெல்லாம் கிழமைக் கணக்கு. சனிக்கிழமை எந்த பனியன் கம்பெனிக்கும் போகக் கூடாது; அன்றைக்குச் சம்பளப் பட்டுவாடா, ஓனரே பணத்துக்கு அலைந்துகொண்டிருப்பார். அமாவாசை நல்ல நாள், கேட்டால் இல்லை என்று சொல்லத் தயங்குவார்கள். மார்ச் கடைசி வாரம் போன் தானாக வரும்: "80ஜி ரசீது உண்டில்லீங்க?" ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான அந்த வருமான வரிச் சலுகை கிடையாது என்று சொன்னால், சிலர் செக் புத்தகத்தை எடுப்பார்கள், சிலர் "அப்பப் பொறவு பாத்துக்கலாமுங்க" என்பார்கள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்று 2014 முதல் சட்டம் இருக்கிறதே, அங்கே கேட்கலாமே என்று வெளியூர் நண்பர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கம் பல கம்பெனிகள் பெயரில்தான் கம்பெனி. ஏட்டில் பார்த்தால் அண்ணன் தம்பி மாமன் மச்சான் சேர்ந்த பார்ட்னர்ஷிப். சட்டம் அவர்களைத் தொடாது. அதனால் வாசல் வாசலாக ஏறுவதுதான் என் வேலை.

பெயர் போடச் சொல்பவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பெயர் வேண்டாம் என்பவர்கள் அதைவிடப் பெரிய தொல்லை. காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மஞ்சப்பையில் 15,000 ரூபாய் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். "பேரெல்லாம் வேண்டாஞ் சாமி." பெயரில்லாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் அறக்கட்டளை அதற்கு 30 சதவீதம் வரி கட்ட வேண்டும். ஊரெல்லாம் பெயரைக் கல்லில் வெட்டித் தருகிறேன் என்று சொல்லி அலைகிற நான், அன்றைக்கு ஒரு பெயருக்காகக் கெஞ்சினேன். கடைசியில் சொன்னார். "நோட்டுல எழுதிக்க. செவுத்துல எழுதிராத."

இதையெல்லாம் சமாளித்துவிட்டேன் என்ற தைரியத்தில்தான் 2019 தை மாதம் அந்தத் தப்பைச் செய்தேன்.

எங்களிடம் ஆறு டயாலிசிஸ் மெஷின் இருந்தன, நாளுக்கு மூன்று ஷிப்ட். வெள்ளகோவில், தாராபுரம் என்று எங்கிருந்தெல்லாமோ விடியற்காலை பஸ் பிடித்து வருவார்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம். ஓர் ஏற்றுமதியாளரைப் பிடித்து இரண்டு மெஷின் வாங்கினேன். திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். தேங்காயை வெளியே உடையுங்கள், தண்ணீர் போர்டுக்குள் தெறித்தால் வாரண்டி போய்விடும் என்று எங்கள் பயோமெடிக்கல் இன்ஜினியர் (சின்ன வயசுப் பெண்தான், ஆனால் பயம் கிடையாது) கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

சித்திரை பிறந்ததும் எட்டில் இரண்டு நின்றுவிட்டன. புது மெஷின்கள்தான். பழுது ஒன்றும் இல்லை, தண்ணீர் போதவில்லை.

டயாலிசிஸ் என்பது முக்கால்வாசி தண்ணீர் சமாச்சாரம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் ரத்தம், மெல்லிய சவ்வுக்கு மறுபக்கம் உப்புகள் கலந்த தண்ணீர். அது நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓட வேண்டும். மணிக்கு 30 லிட்டர், நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அதுவும் ஆர்.ஓ.வில் வடித்த தண்ணீர். சுண்ணாம்புச் சத்து கூடினால் நோயாளிக்கு வாந்தி, தலைவலி. குளோரின் தப்பி வந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். எங்கள் ஆர்.ஓ. புதிதாக இருந்தபோது மணிக்கு 250 லிட்டர் கொடுத்தது. அதன் வடிகட்டிச் சவ்வான மெம்பரேன் பழசாகி, கோடையில் போர் தண்ணீரும் உப்பேறி, 200 தேறுவதே பாடாகிவிட்டது. எட்டு இன்டூ முப்பது இருநூற்று நாற்பது. நாலாங்கிளாஸ் கணக்கு. அதை நான் போட்டுப் பார்க்கவில்லை.

மெஷின்களைப் பச்சைத் துணி போட்டு மூடி வைத்தோம். பெயர்ப் பலகை மட்டும் துணிக்கு மேலே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஏற்றுமதியாளர் கோயமுத்தூர் சம்பந்தி வீட்டாரை அழைத்துக்கொண்டு, "நம்ம மெசினப் பாக்கலாமுன்னு வந்தமுங்க" என்று வந்து நின்றார். சர்வீஸ் என்று பொய் சொன்னேன். நம்பினாரா என்று தெரியாது. சம்பந்தி நம்பவில்லை.

புது ஆர்.ஓ.வுக்குக் காசு கேட்டுப் பன்னிரண்டு வாசல் ஏறினேன். மெஷின் என்றால் தருகிறோம் என்றார்கள். ஆம்புலன்ஸ் என்றால் இன்னும் நல்லது என்றார்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் பம்புக்கும் யாரும் மசியவில்லை. கடைசியாக ஒரு டையிங் ஓனரிடம், அதாவது சாயப்பட்டறைக்காரரிடம், போனேன். அவர் படத்தையும் பார்க்கவில்லை, பைலையும் திறக்கவில்லை.

"போர்ல டி.டி.எஸ். எத்தனைங்க?" தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் கேட்டார்.

"2,000க்கு மேலங்கண்ணா."

"மெம்பரேன் எந்த வருசம் மாத்துனது? வடிச்சது போக ரிஜெக்ட் தண்ணி எத்தனை போகுது?"

முழித்தேன்.

"ஏனுங்க தம்பி, தண்ணிக்குப் பணம் கேக்க வந்துட்டுத் தண்ணிக் கணக்கு இல்லாம வந்திருக்கீங்களே?"

அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்றாகி, ஆர்.ஓ. போட்டுத் தண்ணீரைத் திரும்ப எடுத்துத்தான் பட்டறைகள் மறுபடி ஓடின. மெம்பரேன் அவர்களுக்கு மாதச் செலவு. எங்கள் போர் தண்ணீர் ஏன் இப்படி ஆனது என்பதும் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் போய்க் கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். அதை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நன்கொடை கேட்கப் போனவன் பேசுகிற பேச்சா அது?

ஞாயிற்றுக்கிழமை தன் பட்டறை ஆர்.ஓ. ஆபரேட்டரை டிவிஎஸ் எக்ஸெல்லில் அனுப்பிவைத்தார். ஆபரேட்டருக்கும் எங்கள் இன்ஜினியருக்கும் மொட்டை மாடியில் அரை நாள் சண்டை. "உப்பு எறங்குனாப் போதாதுங்களா?" "துணிக்குப் போதுங்கண்ணா, ரத்தத்துக்குப் போதாது. பாக்டீரியா செத்தாலும் அதோட விஷம் தண்ணிலயே நிக்கும்." மதியம் இருவரும் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே தாளில் படம் போட்டார்கள். குளோரினைப் பிடிக்கும் கார்பன் டேங்க் பெரிதாயிற்று. குழாயில் தண்ணீர் எங்கும் தேங்காமல் சுற்றிவரும்படி லைன் மாறியது. ரிஜெக்ட் தண்ணீரைக் கழிப்பறைகளுக்குத் திருப்பியது ஆபரேட்டர் யோசனை. அதற்கு முன் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பணம் முழுக்க டையிங் ஓனர் கொடுத்தார். பலகை வைக்கட்டுமா என்று கேட்டேன். "அங்க யாருங்க வரப்போறா?" என்று சிரித்தார்.

ஆடியில் எட்டும் ஓடின. மூன்றாம் நம்பர் படுக்கையில் ஓர் அப்பத்தா. நாளுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் கட்டளை. டெக்னீஷியன் 120 லிட்டர் கணக்கை யாருக்கோ விளக்கியது அவர் காதில் விழுந்துவிட்டது. "எனக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்க மாட்டீங்கறீங்கொ, இந்த மெசினுக்கு மட்டும் லாரித் தண்ணியா?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சண்டைக்கு வந்தார்.

தீபாவளிக்கு முன் ஏற்றுமதியாளர் மறுபடி வந்தார், இந்த முறை தனியாக. மெஷினைக் காட்டிவிட்டு, என்ன தோன்றியதோ, மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். சித்திரையில் சொன்ன பொய்யையும் அங்கேயே ஒப்புக்கொண்டேன். மோட்டார் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும். டேங்கைச் சுற்றிவந்தார்.

"இதுல யாரு பேருங்க?"

"யாரு பேரும் இல்லீங்க."

மூலையில் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகளைக் காட்டி அது எதற்கு என்றார். சாஃப்ட்னருக்கு, தண்ணீரின் சுண்ணாம்பை எடுக்க, தீரத் தீர வாங்க வேண்டும் என்றேன். மூட்டை என்ன விலை, பில்டர் எத்தனை நாளைக்கு ஒன்று, மாதம் மொத்தம் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனார். இந்த முறை எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

அடுத்த அமாவாசையிலிருந்து மாதாமாதம் அவர் கணக்கிலிருந்து பணம் வரத் தொடங்கியது. விவரம் எழுதும் இடத்தில் 'உப்பு' என்று மட்டும் இருக்கும். ஆடிட்டர் இது என்ன உப்பு என்று மூன்று தடவை கேட்டார்.