ஒரு பள்ளிக்கூட கேட்ச்சரை எடைபோட ஆறு நடை

ஒரு பேஸ்பால் கேட்ச்சரைப் பார்த்து கிளப்புக்கு எழுதிய ரிப்போர்ட் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு நடையில் முடித்திருக்க வேண்டிய வேலை ஆறு நடை இழுத்தது. ஷார்ட்ஸ்டாப்பையோ (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவன்) பிட்ச்சரையோ (பந்து போடுபவன்) பார்க்கப் போனால் ஒரே நாளில் பாதி விஷயம் தெரிந்துவிடும். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்ச்சர் விஷயம் அப்படி இல்லை. அவனைச் சோதிக்கிற சூழ்நிலையை அவனுடைய பிட்ச்சரும் எதிரணியின் ஓட்டக்காரர்களும்தான் உண்டாக்கித் தர வேண்டும். அவர்கள் மனது வைக்காவிட்டால் ஏழு இன்னிங்ஸும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெற்று நோட்டோடு வீடு திரும்ப வேண்டியதுதான். மேஜர் லீக் டிராஃப்ட்டுக்காக (கிளப்புகள் முறை வைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுப்பது) அமெரிக்க ஹைஸ்கூல் கேட்ச்சர் ஒருவனைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இதே குழிகளில் விழ வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நடை சுத்தமாக வீண். மூன்று மணி நேரம் காரோட்டிப் போய் லைனப்பைப் பார்த்தால் பையன் டிஹெச், அதாவது பேட் மட்டும் பிடிப்பவன். முந்தின நாள் முழு ஆட்டமும் கேட்ச் பண்ணியிருக்கிறான், அதனால் கோச் ஓய்வு கொடுத்துவிட்டார். அதில் அவர் மேல் தப்பே இல்லை. முந்தின நாள் மாலை போனில் கேட்டது "பையன் நாளைக்கு ஆடுகிறானா?" என்று. கேட்டிருக்க வேண்டியது "நாளைக்கு மிட் போட்டு கேட்ச் பண்ணுகிறானா, பந்து போடப் போவது யார்?" என்று. இரண்டாவது பாதி இன்னும் முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது நடையில் மிட் போட்டான். ஆனால் எதிரணியில் ஒருவன்கூட ஓடவில்லை. அந்த வட்டாரம் முழுக்க அவன் கையைப் பற்றிப் பேச்சு. அதனால் யாரும் பேஸ் திருட, அதாவது பிட்ச்சர் பந்து போடும்போதே அடுத்த பேஸுக்கு ஓட, துணிவதில்லை. நல்ல கை இருக்கிற கேட்ச்சரைப் பார்க்கப் போனால் இந்தக் கொடுமை எப்போதும் உண்டு. கிடைப்பதெல்லாம் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னால், பிட்ச்சரின் கடைசி வார்ம்-அப் பந்தைப் பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிகிற அந்த ஒரு எறிதல். ஆட்டம் தொடங்கிய பிறகு வந்து உட்கார்ந்தால் அதில் முதலாவதும் போச்சு. ஏழு எறிதல்தான், ஒன்றையும் விடக் கூடாது.

அன்றைக்கு அந்த ஏழும் தப்பாகப் பதிவாகின. ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடம்) பின்னால் உட்கார்ந்து, மிட்டில் பந்து விழும் சத்தத்துக்கு ஸ்டாப்வாட்ச்சை அமுக்கி, இரண்டாவது பேஸில் கிளவ் சத்தம் கேட்டதும் நிறுத்தியதில் வந்த வினை. ஹோமிலிருந்து இரண்டாவது பேஸ் 127 அடி 3 அங்குலத்துக்குச் சற்று மேல். அந்தத் தூரத்தைக் கடந்து சத்தம் உங்கள் காதுக்கு வர சுமார் 0.11 வினாடி ஆகிறது. 2.00 எறிகிற பையன் உங்கள் நோட்டில் 2.11 ஆகிவிடுவான். பாப் டைமில் (மிட்டில் பந்து விழுவதிலிருந்து இரண்டாவது பேஸுக்குப் போய்ச் சேரும் வரை ஆகும் நேரம்) 0.1 வினாடி என்றால் ஒரு கிரேடு வித்தியாசம், சில சமயம் அதற்கு மேலும். தொடக்கம், முடிவு இரண்டையும் கண்ணால் பார்த்து அமுக்குங்கள். மூன்றாவது பேஸ் பக்கம் கொஞ்சம் உயரத்தில் நின்றால் இரண்டும் தெளிவாகத் தெரியும். கட்டைவிரல் தடுமாற்றம் அப்படியும் இருக்கும். ஒற்றை எறிதலை நம்பாமல் ஐந்தாறின் நடு எண்ணை எடுப்பது நல்லது.

இதற்கு நேர் எதிரான ஏமாற்று ஷோகேஸ் எண், அதாவது திறமையைக் காட்டுவதற்கென்றே நடத்தும் முகாமில் எடுத்த எண். பையனுடைய விவரத் தாளில் பாப் டைம் 1.89 என்று இருந்தது. மேஜர் லீக் சராசரியே 2.0தான். பதினேழு வயதில் 1.89 என்றால் கேட்கவே குஷியாக இருக்கிறது. ஆனால் ஷோகேஸில் பேட்டர் கிடையாது, மெதுவான நேர்ப் பந்து, எறியப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரியும். அதனால் பந்து வருவதற்குள் பாதி எழுந்துவிடுகிறான். மறுமுனையில் பிடிப்பவன் பேஸுக்கு நாலடி முன்னால் வந்து பந்தை வாங்கிக்கொள்கிறான். ஆட்டத்தில், வெளியே போன பிரேக்கிங் (வளையும்) பந்தைப் பிடித்து எறிந்தபோது இதே பையன் 2.05, 2.08. இரண்டுமே உண்மையான எண்கள்தான். ரிப்போர்ட்டில் ஆட்ட எண்ணை எழுதி, அருகில் எத்தனை எறிதல் என்றும் போடுங்கள்.

அந்த எண்ணையும் இரண்டாகப் பிரித்தால்தான் எதிர்காலம் தெரியும். பந்து மிட்டில் விழுவதிலிருந்து கையை விட்டுப் போகும் வரை எக்ஸ்சேஞ்ச். மேஜர் லீகில் அது 0.73 வினாடி அளவில் இருக்கிறது. மிச்சம் பந்து பறக்கிற நேரம். போனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுத்து, ஃபிரேம்களை எண்ணி 240ஆல் வகுத்தால் எக்ஸ்சேஞ்ச் கிடைத்துவிடும். 180 ஃபிரேம் என்றால் 0.75. இந்தப் பையனுக்கு 200 ஃபிரேமுக்கு மேல் வந்தது, அதாவது 0.83க்கு மேல். இது கெட்ட செய்தி போலத் தோன்றும், ஆனால் நல்ல செய்தி. கால் மாற்றுவதும் பந்தை மிட்டிலிருந்து எடுப்பதும் சொல்லிக்கொடுத்தால் திருந்துகிற சங்கதி. எறிகிற வேகத்தில் மணிக்கு 3 மைல் கூட்டினால் கிடைப்பது சுமார் 0.05 வினாடி, எக்ஸ்சேஞ்சைச் சீராக்கினால் அதுபோல இரண்டு மடங்கு கிடைக்கும். கை வேகம் குறைவாக இருந்து எக்ஸ்சேஞ்ச் ஏற்கெனவே 0.72 என்று இருக்கிற பையனிடம் இனிமேல் எடுக்க ஒன்றும் இல்லை.

திருட ஓடியவர்களில் எத்தனை பேரை அவுட் ஆக்கினான் என்ற சதவீதத்தை ஹைஸ்கூலில் பார்க்கவே வேண்டாம். மேஜர் லீகில் பிட்ச்சர் பந்தை பிளேட்டுக்குக் கொண்டுவர 1.3 வினாடி, கேட்ச்சர் 2.0, மொத்தம் 3.3. ஓட்டக்காரன் அதையொட்டிய நேரத்தில் வந்துவிடுகிறான். பள்ளிக்கூடப் பிட்ச்சர் 1.6 எடுத்துக்கொண்டால் அந்த 0.3க்குக் கேட்ச்சர் என்ன செய்வான்? பெரிய லீகிலேயே 2023இல் பேஸை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கி, பிட்ச்சர் ரப்பரை (மேட்டில் கால் வைக்கும் பலகை) விட்டு இறங்குவதற்கும் வரம்பு வைத்த பிறகு, திருட முயன்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் தப்பித்தார்கள்.

மூன்றாவது நடையில்தான் இவ்வளவு நாளாகத் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது உறைத்தது. எறிதல் ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு. பந்து வாங்குவது நூறுக்கு மேல். அங்கேதான் "பந்து போடுவது யார்" என்ற கேள்வி வருகிறது. அன்றைக்குப் போட்டவன் 78 மைல். அந்த வேகத்தில் யார் பிடித்தாலும் அழகாகத்தான் இருக்கும். மேஜர் லீக் ஃபாஸ்ட்பால் சராசரி 94 மைல் அளவில் இருக்கிறது, அதிலும் சில கடைசி நேரத்தில் கீழே இறங்கும். 90ஐத் தொடுகிற ஒரு பிட்ச்சரோடு அவனைப் பார்க்காமல் ரிசீவிங்குக்கு கிரேடு போடுவது ஜோசியம். நான்காவது நடையில் அப்படி ஒருவன் கிடைத்தான். கிடைக்காவிட்டால் ஏரியா கோட் கேம்ஸ் மாதிரியான கோடைகால ஆட்டங்களின் வீடியோவைத் தேடிப்பிடிக்க வேண்டியதுதான்.

பார்க்க வேண்டியது முழங்காலுக்குக் கீழே வரும் பந்து. நல்ல கை முன்கூட்டியே கீழே போய் நின்று, பந்தோடு மேலே வரும். தேறாத கை மேலேயிருந்து குத்தும். பந்தோடு மிட்டும் கீழே போய், அம்பயர் ஸ்ட்ரைக் என்று சொல்ல வேண்டிய பந்து எல்லைக்கு வெளியே போன 'பால்' ஆகிவிடும். இந்தப் பையன் 78 மைலுக்குக் கீழேயிருந்து மேலே வந்தான், 91க்குக் குத்தினான். மணிக்கட்டு இறுகிவிட்டது. ஒற்றைக் காலை மடக்கி உட்காரும் இந்தக் காலத்து நிலை அவனுக்குக் கைகொடுத்தது. ஆனால் முதல் பேஸில் ஆள் இருக்கும்போதும் அதே நிலையில் உட்கார்ந்து எறிய முடிகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

2026 முதல் மேஜர் லீகில் ஏபிஎஸ் சேலஞ்ச் (அம்பயரின் ஸ்ட்ரைக்-பால் தீர்ப்பைக் கேமராவை வைத்துச் சரிபார்க்கக் கேட்பது) வந்துவிட்டதால் ஃப்ரேமிங் (பந்து ஸ்ட்ரைக்காகத் தெரியும்படி பிடிப்பது) செத்தது என்று பலர் பேசுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அணிக்கு இரண்டே சேலஞ்ச், வென்றால் கணக்கில் குறையாது. கேட்கும் உரிமை பேட்டர், பிட்ச்சர், கேட்ச்சர் மூவருக்கு மட்டும். மற்ற பந்துகளெல்லாம் இன்னும் அம்பயர் கண்ணில்தான். அதோடு, எது ஸ்ட்ரைக் என்று கேட்ச்சருக்கே துல்லியமாகத் தெரிவது இப்போது தனித் திறமையாகிவிட்டது. சந்தேகமான பந்துக்குப் பையன் முகம் எப்படிப் போகிறது என்று பிறகு வீடியோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பான பந்துக்கெல்லாம் அம்பயரைத் திரும்பிப் பார்க்கிறவன் சேலஞ்சை வீணடிப்பான்.

பிளாக்கிங், அதாவது தரையில் குத்தி வரும் பந்தை உடம்பால் தடுப்பது, நன்றாக இருந்தது. நெஞ்சை முன்னால் சாய்த்து, கால்களுக்கு நடுவில் மிட்டை வைத்துப் பந்தைத் தன் முன்னாலேயே சாகடித்தான். டபுள்ஹெடரின் (ஒரே நாளில் இரண்டு ஆட்டம்) இரண்டாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ், வெயில், மூன்றாவது பேஸில் ஆள்: அப்போதும் அப்படித்தான் செய்தான். டபுள்ஹெடர் கிடைத்தால் விடாதீர்கள். முதல் ஆட்டத்தில் எல்லாக் கேட்ச்சரும் சுறுசுறுப்புதான்.

யாரும் கவனிக்காத ஒன்று, பிட்ச்சருக்குத் திருப்பி எறியும் சாதாரண எறிதல். அதில் ஒரு தயக்கமோ வளைவோ இருந்தால் நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். 1982, 83 இரண்டு ஆண்டும் எம்விபி (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது) வாங்கிய டேல் மர்ஃபி கேட்ச்சராகத்தான் தொடங்கினார்; எறிதல் கோளாறுதான் அவரை அவுட்ஃபீல்டுக்கு அனுப்பியது. அவரைக் காப்பாற்ற பேட் இருந்தது.

பிட்ச் அழைக்கும், அதாவது அடுத்து எந்த வகைப் பந்து போடுவது என்று முடிவு செய்யும், மூளையை அளக்க முயன்று தோற்றதையும் சொல்லிவிடுகிறேன். அழைப்பது டக்அவுட்டிலிருந்து கோச். பையன் மணிக்கட்டு அட்டையில் எண்ணைப் பார்த்துக் கை காட்டுகிறான், அவ்வளவுதான். அதற்கு கிரேடு போட்டால் கோச்சுக்குப் போட்டதாகத்தான் அர்த்தம். பிட்ச்சர் தடுமாறும்போது யாரும் சொல்லாமல் மேட்டுக்குப் போகிறானா, பன்ட் (பேட்டால் மெல்லத் தட்டிவிடும் பந்து) வந்தால் எந்த பேஸ் என்று கத்துகிறானா என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி பேட். உள்ளபடி சொன்னால் இதுதான் தீர்ப்பை மாற்றியது. 1988இல் 62ஆவது சுற்றில், 1390ஆவது ஆளாக எடுக்கப்பட்ட மைக் பியாஸா முதல் பேஸ்காரர், பிறகுதான் கேட்ச்சரானார். ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவரைக் கொண்டுபோனது கை அல்ல, பேட். ஹைஸ்கூலில் நல்ல பேட்டருக்கு ஸ்ட்ரைக்கே போட மாட்டார்கள். ஐந்தாவது நடையில் நான்கு முறை பேட் பிடித்து மூன்று முறை வாக்கில் (நான்கு 'பால்' விழுந்ததால் இலவசமாக முதல் பேஸுக்கு) போனான். உலோக பேட் வேறு. கைப்பக்கம் பட்ட பந்தும் பறக்கிறது. அதனால் ஆட்டத்துக்கு முன் பேட்டிங் பிராக்டீஸைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வலது கைப் பையன் என்றால் முதல் பேஸ் பக்கம் நின்று. முடிந்தால் மர பேட்டோடு. இவனிடம் பலம் இருக்கிறது, பந்து கிளம்புகிற சத்தமே வேறு. ஆனால் வெளியே விழும் ஸ்லைடருக்கு (பக்கவாட்டில் வளையும் பந்து) முன்கால் ஓடிவிடுகிறது. மூன்று ஆட்டத்தில் அந்தப் பந்துக்கு அவன் பேட் ஒருமுறைகூடப் படவில்லை.

கேட்ச்சராகத் தேறாவிட்டால் எங்கே போவான் என்பதையும் எழுத வேண்டும். கேட்ச்சர்களாகத் தொடங்கிய கிரெய்க் பிஜியோ இரண்டாவது பேஸுக்கும், பிரைஸ் ஹார்ப்பர் அவுட்ஃபீல்டுக்கும் போக முடிந்தது கால் வேகம் இருந்ததால். கென்லி ஜான்சன் 2009இல் மிட்டைக் கழற்றிவிட்டுப் பிட்ச்சரானது கையால். இவன் 60 கஜம் 7.3 வினாடி. முதல் பேஸைத் தவிர இடம் இல்லை, அங்கே ஹோம் ரன் அடித்தே தீர வேண்டும்.

ஹைஸ்கூல் கேட்ச்சர் என்றாலே கிளப்புகள் கையைச் சுருக்கிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. 2008 டிராஃப்ட்டில் ஐந்தாவதாகக் கல்லூரிக் கேட்ச்சர் பஸ்டர் போஸி, ஆறாவதாக ஹைஸ்கூல் கேட்ச்சர் கைல் ஸ்கிப்வொர்த். முன்னவருக்கு எம்விபியும் மூன்று வேர்ல்ட் சீரிஸும். பின்னவர் மேஜர் லீகில் ஆடியது நான்கே ஆட்டம். பதினேழு வயதில் உடம்பு, கை, பேட் மூன்றும் இன்னும் வளர வேண்டியவை; நடுவில் இடுப்போ முழங்காலோ கட்டைவிரலோ போய்விடலாம்.

ஸ்கவுட்டுகளின் 20-80 அளவில் (50 என்றால் மேஜர் லீக் சராசரி) கடைசியாகப் போட்டது, இன்றைக்கும் நாளைக்குமாக: ஹிட் 25/40, பவர் 35/50, ஓட்டம் 30/30, கை 55/60, ஃபீல்டிங் 40/50. மொத்தத்தில் 45, மாற்றுக் கேட்ச்சர் அளவு. கல்லூரிக்குப் போனால் நான்காண்டுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடிந்தோ 21 வயதிலோ மறுபடி டிராஃப்ட்டுக்கு வருவான், அப்போது பார்க்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

அனுப்பிய மறுநாளே ரிப்போர்ட் திரும்பி வந்தது. பிறந்த தேதி இல்லை. ரோஸ்டரில் பட்டம் பெறும் ஆண்டு மட்டும்தான் போட்டிருந்தது. "17" என்று தாளில் பார்த்ததை அப்படியே எழுதியிருந்தேன், அந்தத் தாள் முந்தின கோடையுடையது. ஆறாவது நடை அதற்காகத்தான், கூடவே எவ்வளவு பணம் கொடுத்தால் கையெழுத்துப் போடுவான் என்று பெற்றோரிடம் கேட்பதற்கும். டிராஃப்ட் நாளில் பையனுக்கு 19 வயதாக மூன்று வாரம்தான் பாக்கி. தன்னைவிட ஒரு வயது சின்னப் பையன்கள் போட்ட ஸ்லைடரைத்தான் அவன் தவறவிட்டிருக்கிறான். ஹிட் 40ஐ 35 ஆக்கி மறுபடி அனுப்பினேன்.