வழித்துணைநாதர் சந்நிதியில் ஒரு விசா வேண்டுதல்

வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால், பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம். எங்கள் வீட்டில் யார் தூரப் பயணம் கிளம்பினாலும் முதல் அர்ச்சனை இங்கேதான். மூலவர் மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். மகளுக்கு லண்டனில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்து, விசாவுக்காகக் கம்பெனி தர வேண்டிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழின் எண்ணும் வந்துவிட்டது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் சுவாமியிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினோம்.

மிளகு மூட்டைகளோடு காஞ்சிக்குப் புறப்பட்ட வணிகர் ஒருவர், கள்ளர் பயத்தில் இந்தச் சுவாமியிடம் துணை கேட்டாராம். சுவாமியே வீரனாகக் குதிரையேறிக் கூடப் போனார் என்கிறது தலவரலாறு. இந்தக் கதையைக் கேட்டாலே எனக்கு ஒரு ஏஜென்ட் ஞாபகம் வந்துவிடும். மகள் வேலை தேடிய சமயத்தில், ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தர எட்டு லட்சம் கேட்டவர். பிரிட்டனில் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் கம்பெனிக்கு உள்துறையின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்கள் பட்டியல் அரசு இணையதளத்திலேயே இருக்கிறது; யாரும் பார்க்கலாம். அவர் சொன்ன கம்பெனி அதில் இல்லை. உரிமச் செலவையும் சான்றிதழ் கட்டணத்தையும் கம்பெனிதான் ஏற்க வேண்டும், வேலைக்கு வருபவரிடம் வசூலிக்கக் கூடாது. விசா கட்டணமும், அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்டணமும்தான் நம் பொறுப்பு. சம்பளத்துக்கும் வரம்பு உண்டு: 2025 ஜூலையிலிருந்து பொதுவாக ஆண்டுக்கு 41,700 பவுண்டாவது வேண்டும். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நகையை அடகு வைப்பது அப்புறம்.

"விரிஞ்சிபுரம் மதிலழகு" என்று சும்மாவா சொன்னார்கள்! அந்த மதிலைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனோம். அர்ச்சனைத் தட்டில் தேங்காய், வெற்றிலையோடு பாஸ்போர்ட்டையும் விசாவுக்கான காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழையும் மகள் வைத்தாள். குருக்கள் கற்பூரத்தைச் சற்று உயர்த்திக் காட்டினார். லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. பிரம்மா பாலகனாக வந்து அபிஷேகம் செய்தபோது கை எட்டவில்லையாம். சுவாமி தலை சாய்த்துக் கொடுத்தாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எந்த ஊருக்கும்மா?" என்றார் குருக்கள்.

"லண்டன், சாமி."

"கிளம்பறப்போ மார்க்கபந்து ஸ்தோத்திரம் சொல்லு. அப்பய்ய தீட்சிதர் இந்தச் சுவாமி மேல பாடினது." பாஸ்போர்ட் மேல் ஒரு வில்வ இலையை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். தீட்சிதரும் நம் பக்கத்துக்காரர்தான், ஆரணி அருகே அடையபலம்.

பிரகாரத்தில் நேரம் காட்டும் கல் இருக்கிறது. மேலே ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. என் கணவர் ஈர்க்குச்சி வைத்துப் பார்க்க, மகள் செல்போனோடு ஒப்பிட்டாள். ஏறக்குறைய சரியாகவே இருந்தது!

ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அன்று ராத்திரியே அனுப்பிவிட்டாள். அடுத்து சென்னையில் கைரேகை கொடுக்க வேண்டும். கார்த்திகைக் கடைஞாயிறு இங்கே பெரிய விழா. அதற்குள் அவள் நல்லபடியாக லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டால், விழாவுக்கு வந்து அபிஷேகம் செய்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.