வாங்க டீச்சர்

1991 ஜூன். ஒன்பதாம் வகுப்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாக்பீஸ் வாங்கிவர என்னை அனுப்பியிருந்தார்கள். ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே நம் தமிழய்யா நாற்காலியில் இருந்தார். அவருக்கு எதிரே, அன்றுதான் வேலையில் சேர்ந்த கணக்கு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

“உட்காருங்க டீச்சர்” என்றார் ஐயா.

“ஐயா, நீங்க எப்பவும்போல வா, போன்னே சொல்லுங்கய்யா.”

ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். “வாசல்ல பிள்ளை நிக்கிறான்ல? நானே வா போன்னு பேசினா, நாளைக்கு இவன் உங்களை எப்படி மதிப்பான்? உட்காருங்க.”

டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அம்மாதான் விளக்கினார். “அட, அது நம்ம மேலத்தெருப் பிள்ளைடா. எங்ககூடப் பூ எடுக்க வரும். உங்க பள்ளிக்கூடத்துலதான் படிச்சுச்சு. அந்த ஐயாகிட்ட அடியெல்லாம் வாங்கியிருக்கு.”

நம் பள்ளியில் பத்தாவது முடித்து, மதுரையில் பி.எஸ்சி. கணிதம், அப்புறம் பி.எட். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பல வருஷம் காத்திருந்து, முதல் வேலை ராமநாதபுரம் மாவட்டத்தில் கிடைத்தது. அங்கிருந்து மாறுதல் கேட்டுக் கேட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறார். திருமங்கலத்திலோ மதுரையிலோ கேட்டிருந்தால் பஸ் வசதியாவது இருந்திருக்கும். நம் ஊருக்குக் காலையில் ஒரு ‘பாண்டியன்’ அரசு பஸ், சாயங்காலம் ஒன்று என்றிருந்த காலம் அது.

இந்தப் பள்ளி மலரை நம் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மல்லிகை மொட்டு அன்று சாயங்காலம்தான் விரியும். அதனால் விடியுமுன்பே எடுத்து, காலையிலேயே மார்க்கெட்டில் சேர்த்துவிட வேண்டும். வெயில் ஏற ஏற எடை குறையும், விலையும் இறங்கும். கார்த்திகைக் கடைசியில் கவாத்து பண்ணினால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், மாசி பங்குனியில் செடி வெள்ளையாகப் பூத்து நிற்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சையும் அதே மார்ச்சில்தான் வரும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நாலு மணிக்கு எழுந்து தோட்டத்தில் குனிந்து நின்றுவிட்டுத்தான் பள்ளிக்கு வருவோம். பையைத் திறந்தாலே மல்லிகை வாசம் வரும். முதல் பீரியட் கணக்கு. கண் தானாகச் சொக்கும்.

தூங்கினால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவதுதான் அதுவரை வழக்கம். டீச்சர் வந்த முதல் மாதத்திலேயே மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் டீச்சர் முகத்தைப் பார்த்தோம். அவர் அவளை எழுப்பவில்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு பாடத்தை நடத்தினார். மணி அடித்ததும் அவள் பக்கத்தில் போய், “இன்னைக்கு எத்தனை வரிசை எடுத்த?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை வேறு எந்த ஆசிரியரும் கேட்டிருக்க முடியாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுவாரம் கால அட்டவணை மாறியது. ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு மூன்றாவது பீரியடுக்குப் போனது. தலைமையாசிரியரிடம் டீச்சர் மூன்று நாள் பேசியிருக்கிறார். பின்னால்தான் தெரிந்தது.

சதவீதம் நடத்தும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கரும்பலகையில் இப்படி எழுதினார்: 4 கிலோ 250 கிராம் பூ, கிலோ 40 ரூபாய், கமிஷன் நூற்றுக்கு 10. கைக்கு எவ்வளவு வரும்? 170 ரூபாய், அதில் கமிஷன் 17 போக 153. வகுப்பு முழுக்கச் சத்தமாகச் சொன்னோம். அன்று சாயங்காலம் வீட்டில் கம்பியில் குத்தி வைத்திருந்த பூக்கணக்குச் சிட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டேன். ஒரு சிட்டையில் 12 ரூபாய் குறைந்தது. அப்பா அதைக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டு வாங்கிவந்தார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் என் படிப்பை நிறுத்துவது பற்றிப் பேச்சே வரவில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் அவர் செய்ததைத் தனியாகவே எழுத வேண்டும். எட்டாவதோடு நிறுத்திய வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்தே போவார். வாசலில் நின்று டீச்சராகப் பேச மாட்டார். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, “மதினி, ஒரே தோட்டத்துல தானே நீங்களும் நானும் நின்னோம்? என்னைப் படிக்க விட்டாங்க, வந்துட்டேன். இவளையும் விடுங்க” என்பார். ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார்கள். மேலத்தெருப் பிள்ளைக்கு அப்படிச் செய்ய முடியாதே. எங்கள் செட்டில் மட்டும் நாலு பேர் இப்படித் திரும்பி வந்தார்கள். அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண் இப்போது ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் செவிலியர்.

பதவி உயர்வு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேறு ஊர் என்பதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சம்பளத்தில் எவ்வளவு இழந்திருப்பார் என்பது அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும். 58 வயதில் ஓய்வு பெற வேண்டியவர். அரசு அதை 59 ஆக்கி, அப்புறம் 60 ஆக்கியதால் 2022 வரை பணியில் இருந்தார். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது பூத்தோட்ட வரப்பில் பிள்ளைகளைத் தள்ளித்தள்ளி உட்காரவைத்துப் பாடம் சொன்னாராம்.

இங்கே சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் சனிக்கிழமை பூ வாங்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்ததும் அவருக்குத்தான் போன் பண்ணினேன். “அதை எடுக்கிற கைக்கு என்ன குறியீடுப்பா?” என்று கேட்டார்.

போன தை மாதம் மகளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கவாத்து முடிந்து செடியெல்லாம் அப்போதுதான் துளிர்விட்டிருந்தது. டீச்சர் வாசலுக்கே வந்தார்.

“வாங்க, வாங்க தம்பி. உட்காருங்க.”

“என்ன டீச்சர், என்னைப் போய் வாங்க போங்கன்னு...” என்று தொடங்கினேன். அவர் பதில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளை ஒரு பார்வை பார்த்தார். நான் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து மகளைத் தோட்டம் பார்க்க அழைத்துப் போனார்கள். அவள் தெருமுனை திரும்பியதும் டீச்சர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்ட? அங்கிட்டு ஒழுங்காச் சாப்பிடுறியா இல்லையா?”