வாசலில் மோகினி

முதலில் சந்தேகம் என் மேல்தான் வந்தது. போன ஜனவரியில் ஒரு நாள் ஆபீஸ் முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னங்க, புது சென்ட்டா? யாருக்கு?" என்றாள். நான் போட்டிருந்தது மூன்று நாளாகத் துவைக்காத ஸ்வெட்டர். அதைச் சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் அம்மா. பொங்கலுக்குப் பேரனைப் பார்க்க கும்பகோணத்திலிருந்து லண்டன் வந்திருந்தாள். குப்பையைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று ஐந்தரை மணிக்கு வெளியே போனாள். இங்கே ஜனவரியில் ஐந்தரை மணி என்றால் நல்ல இருட்டு. போன வேகத்தில் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"டேய், வாசல்ல பூ வாசம் வருதுடா. பூவும் இல்ல, ஆளும் இல்ல."

இருட்டில் ஆளில்லாமல் பூ வாசம் வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா சூட்கேஸைத் திறந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தாள்.

"மோகினிக்கெல்லாம் இந்த ஊர் விசா கிடைக்காதும்மா" என்று சொன்னேன். நெற்றியில் பட்டை விழுந்ததுதான் மிச்சம். பேரனுக்கும் பூசினாள். மருமகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

சரி, கண்டுபிடித்துவிடுவோம் என்று செல்போன் டார்ச்சோடு இறங்கினேன். பக்கத்து வீட்டுத் துணி உலர்த்தும் மெஷினாக இருக்குமோ? இல்லை. நாலு அடி தள்ளி நின்றால் தேன் குடத்தைத் திறந்து வைத்த மாதிரி மணக்கிறது. கிட்டப் போனால் காணோம். முன்னும் பின்னுமாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த என்னை, நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் பார்த்துவிட்டுக் கொஞ்சம் வேகமாகக் கடந்தார். நாய் மட்டும் என்னைப் புரிந்துகொண்ட மாதிரி நின்று பார்த்தது.

கடைசியில் குப்பைத் தொட்டியை நகர்த்தினேன். பின்னால், முழங்கால் உயரத்துக்கு, பளபளவென்று கரும்பச்சை இலையோடு ஒரு புதர். ஐந்து வருடத்துக்கு முன்னால் நான்தான் நட்டிருக்கிறேன். சுத்தமாக மறந்தே போயிருந்தேன்.

அதை நட்ட கதை அம்மாவிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. வீடு வாங்கும்போது, "வடக்கு வாசல் குபேர வாசல், கண்ண மூடிட்டு வாங்கு" என்று போனில் சொன்னவள் அவள்தான். வாங்கினேன். குபேரன் வருவது இருக்கட்டும், சூரியனே வரவில்லை. லண்டனில் டிசம்பர் கடைசியில் உச்சி வேளையில்கூடச் சூரியன் 15 டிகிரிக்கு மேல் பெரிதாக ஏறாது. அதுவும் தெற்கே. வீட்டின் நிழல் வாசலில் பாய் விரித்துப் படுத்துவிடும். அங்கே வைத்த மல்லிகை முதல் உறைபனியில் போனது. கறிவேப்பிலை அதற்கும் முன்னாலேயே.

நர்சரியில் போய் அழாத குறையாகச் சொன்னபோது அங்கிருந்த பெண்மணி, "உங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ்தான் சரி" என்றார். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, பாக்ஸ் என்பது இவர்கள் வேலிக்கு வைக்கும் ஒரு செடி. இது அதன் குடும்பம், வாசம் இருப்பதால் ஸ்வீட். கிறிஸ்துமஸ் பாக்ஸ் என்றும் சொல்கிறார்கள். தாவரப் பெயர் சார்கோகோக்கா. கிரேக்கத்தில் சதைப்பற்றுள்ள பழம் என்று பொருளாம். என் பையன் அதை "சார், கொக்கா?" என்று ஆக்கிவிட்டான்.

நான் வாங்கியது ஹுமிலிஸ் என்ற குட்டை ரகம். சீனாவைச் சேர்ந்தது, இரண்டு அடிக்கு மேல் பெரிதாக வளராது, வேரிலிருந்து பக்கக் கன்று விட்டு மெதுவாகப் பரவும். நிழல்தான் இதற்குப் பிடிக்கும். வெயில் அதிகமானால் இலை மஞ்சளடிக்கும். நட்ட முதல் வருடம் தண்ணீர் ஊற்றினால் போதும், அப்புறம் மறந்துவிடலாம் என்றார்கள். அந்த ஒரு அறிவுரையை நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறேன்.

பூவென்றால் இதழே கிடையாது. இலையிடுக்கில் நாலைந்து வெள்ளை நூல் துண்டு, அவ்வளவுதான். பூச்சிகள் அதிகம் பறக்காத குளிர்காலத்தில் பூப்பது, பார்க்கவும் ஆளில்லை. அதனால் மணத்தை வைத்தே கூப்பிடுகிறது போல.

மறுநாள் காலையில் அம்மா புதர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மோகினி பயம் போய்விட்டது, இப்போது வேறு பிரச்சினை. பூவைத் தொடுக்க முடியவில்லை. விரல் பட்டாலே உதிர்ந்தது. "வாசத்துக்குக் குறைச்சலில்ல, தலையில வைக்க வழியில்லையே" என்று அலுத்துக்கொண்டு ஒரு கிளையை ஒடித்துப் பிள்ளையாருக்கு வைத்தாள். ராத்திரிக்குள் ஹால், சமையலறை, என் லேப்டாப் பை எல்லாம் மணத்தது. சாம்பாரில்கூட அந்த வாசம்தான் வந்தது.

அதோடு விட்டாளா? போன வருடப் பூவின் பழங்கள் அடியில் கறுப்பாக மின்னின. "மணத்தக்காளி மாதிரியே இருக்கே, வத்தல் போடலாமாடா?" அம்மா கையில் ஏற்கெனவே ஒரு பிடி இருந்தது. இது சாப்பிடுகிற சமாச்சாரம் இல்லை என்று பிடுங்கிப் போடுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஜனவரியில், லண்டனில்.

இதன் சாதியில் ஒன்று இலங்கை மலைக்காட்டிலும் உண்டு, பெயரே ஜெய்லானிக்கா, அதாவது சிலோன்காரி என்று சொன்னதும் அம்மாவுக்குத் திடீர் பாசம். "அப்ப நம்ம பக்கத்துப் பொண்ணுதான்" என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் பேரனை விசாரிக்கிறாள், மருமகளை விசாரிக்கிறாள், கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "வாசல்ல மோகினி நல்லா இருக்காளாடா?" என்கிறாள். குப்பைத் தொட்டியைத் தள்ளி வைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் வைக்கவில்லை.