வயதும் வார இறுதியும்

இருபத்தைந்து வயதில் சனிக்கிழமை என்றால் இரண்டாம் ஆட்டம், அப்புறம் பைக்கில் ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் வரை ஓர் ஓட்டம். ஞாயிறு காலை என்று ஒன்று இருப்பதே தெரியாது, எழுந்ததும் மதியச் சாப்பாடுதான்.

ஐம்பதை நெருங்கும்போது அந்தக் காலைதான் மிச்சம். அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடுகிறது, நேராகச் சென்னைக் காசிமேடு மீன் சந்தை. அங்கே கூட்டத்தைப் பாருங்கள், முக்கால்வாசி நம்ம வயசுக்காரர்கள், கையில் கட்டைப்பை. செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பது, 'நேத்து மீனா இது?' என்று கேட்டு மீன்கார அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது, கடைசியில் அவர் சொன்ன விலைக்கே சங்கராவை வாங்கிக்கொண்டு அதை வெட்டித் தர இன்னொரு வரிசையில் நிற்பது. இதில் ஒரு சுகம் இருக்கிறது, சினிமாவில்கூட இப்போது அது கிடைப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது வஞ்சிரம் விலை கேட்டால் சாம்பாரே போதும் என்று தோன்றும்.

சனிக்கிழமை முழுக்க வேலைதான். வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனை, குடியிருப்போர் சங்கக் கூட்டம் (வருடக்கணக்காக அதே கார் நிறுத்தும் சண்டை). 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனி வங்கி விடுமுறை. இதெல்லாம் மனப்பாடமாக இருப்பதே வயதானதற்கு அடையாளம் என்கிறாள் மகள்.

ஞாயிறு காசிமேடு வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம். ஆனால் விடியும் முன் கிளம்ப வேண்டும், தாமதித்தால் நல்ல மீனெல்லாம் ஹோட்டல்காரர்கள் அள்ளிவிடுவார்கள்.