ஐந்தாவது கையெழுத்து

"அக்கா, உங்களுக்குச் சிற்றிசன்ஷிப் இருக்குத்தானே?" என்று அவள் கேட்டபோது தேர்தல் விஷயமாக்கும் என்று நினைத்தேன். 2019 மார்ச் மாதம். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இரவு வேலை. அவள் எரித்திரியாக்காரி. எங்கள் தளத்தில் தமிழர் நாலு பேர் என்பதால் அவளுக்கும் நான் அக்காதான்.

அவளுடைய தங்கையும் தங்கையின் மூன்று பிள்ளைகளும் அப்போது உகண்டாவில், கம்பாலாவில் அகதிகளாக இருந்தார்கள். கனடாவுக்குக் கூப்பிட ஐந்து பேர் சேர்ந்து பொறுப்பெடுக்க வேண்டும். அவளும் அவளுடைய ஊர்க்காரர் மூன்று பேருமாக நாலு பேர் ஆயிற்று. ஐந்தாவது ஆளாக இருந்த ஒருவர் வேலை கிடைத்து கல்கரிக்குப் போய்விட்டார். குடும்பம் வந்து இருக்கப்போகும் ஊரிலேயே ஐந்து பேரும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த இடத்துக்குத்தான் என்னைக் கேட்டாள்.

குடிமக்கள் சேர்ந்து அகதிகளைப் பொறுப்பெடுக்கும் இந்த முறை கனடாவில் 1979இலிருந்து நன்றாக வேரூன்றியது. வியட்நாம், லாவோஸ், கம்போடியா என்ற இந்தோசீன நாடுகளின் அகதிகள் பல்லாயிரம் பேர் அப்படி வந்தார்கள். அதற்காக 1986இல் கனடிய மக்களுக்கு, அகதிகளுக்கு உதவுகிறவர்களுக்கு ஐ.நா. கொடுக்கும் நான்சன் விருதுகூடக் கிடைத்தது. அதே வருஷம் ஓகஸ்ட் மாதம்தான் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர் 155 பேர், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டு இருந்தார்கள்.

நான் 1991இல் வந்து, விமான நிலையத்தில் வைத்தே அகதி என்று சொன்னவள். எங்களுக்கு முதலில் வருகை, பிறகு அகதி கேஸ். இப்படிக் கூப்பிடப்படுகிறவர்களுக்கு எல்லாம் வெளிநாட்டிலேயே முடியும். பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும்போதே நிரந்தர வதிவுரிமை. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு அது முடிய மூன்றரை வருஷம் எடுத்தது.

"கையெழுத்து வைக்கிறது சும்மா விளையாட்டில்லை" என்றார் என் கணவர். உண்மைதான். பன்னிரண்டு மாதத்துக்கு வாடகை, சாப்பாடு, உடுப்பு, பஸ் காசு எல்லாம் ஐவர் குழுவின் தலையில். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு 28,000 டொலருக்கு மேல் காட்ட வேண்டியிருந்தது. வருகிறவர்களிடம் ஒரு சதமும் வாங்கக் கூடாது. எரித்திரியரிடம் எக்குப் என்று ஒன்று இருக்கிறது. மாதாமாதம் எல்லோரும் காசு போட்டு, ஒவ்வொரு மாதம் ஒருவர் எடுப்பது. "இது எங்கட சீட்டு" என்று நான் சொல்ல, அவள் நம்பவில்லை. எங்கள் சீட்டுக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் பங்கில் பாதி அந்த எக்குப்பிலிருந்தும் என் சீட்டிலிருந்தும்தான் வந்தது.

காசைவிடப் போம் நிரப்பினதுதான் பெரிய பாடு. இதை வாசிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒரு வேலையில் இறங்கினால் நேரத்தை அங்கேதான் செலவழிக்க வேண்டும்.

முதலாவது, பெயர். எரித்திரியருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், அவ்வளவுதான். கல்யாணம் கட்டினாலும் பெண்ணின் பெயர் மாறாது. ஆக, தாய்க்குக் கடைசிப் பெயர் ஒன்று, பிள்ளைகளுக்கு இன்னொன்று. அதோடு எழுத்து வேறு. அவர்களுடைய மொழியான திக்ரின்யாவை இங்கிலீஷில் எழுதும்போது ஒரே பிள்ளையின் பெயர் மூன்று பேப்பரில் மூன்று விதமாக இருந்தது. மற்ற நாலு பேரும் தலையில் கை வைத்தார்கள். எனக்கோ இது பழகின சங்கதி. என் பிள்ளைகளின் கடைசிப் பெயர் என் கணவரின் முதற்பெயர். என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர். எத்தனை கவுண்டரில் நின்று "நான்தான் இதுகளின் தாய்" என்று சொல்லியிருப்பேன்! அகதி அட்டையில் உள்ள எழுத்தையே எல்லா இடத்திலும் போட்டு, மற்ற எழுத்துகளை "வேறு பெயர்கள்" என்ற இடத்தில் எழுதி, ஏன் அப்படி என்று ஒரு பக்கக் கடிதமும் வைத்தோம்.

இரண்டாவது, திகதி. நடுப்பிள்ளையின் ஞானஸ்நானப் பத்திரத்தில் 2006 என்று இருந்தது. அட்டையில் 2014. எட்டு வருஷ வித்தியாசம் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அது திருச்சபையின் பழைய நாட்காட்டி. பதின்மூன்று மாதம், வருஷக் கணக்கு எங்களுடையதைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் நிற்கும். இதற்கும் ஒரு கடிதம்.

மூன்றாவது, கடந்த பத்து வருஷத்தில் எந்த மாதம் எங்கே இருந்தாய், என்ன செய்தாய் என்ற பட்டியல். ஒரு மாதமும் விடுபடக் கூடாது. தங்கை 2017இல் எரித்திரியாவிலிருந்து இறங்கி, சூடான் வழியாகத் தென் சூடான் வந்து, அங்கிருந்து உகண்டா போனவள். "வழியில்" என்று ஒரு சொல்லில் முடித்திருந்தாள். லொறியில் எத்தனை நாள், எந்த ஊரில் எத்தனை கிழமை என்று வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வாங்கி, அக்காக்காரி மொழிபெயர்க்க, நான் தட்டச்சு செய்தேன். ஒரு இரவு ஏதோ ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லும்போது குரல் நின்றுவிட்டது. அன்றைக்கு மூடி வைத்துவிட்டு எழும்பிவிட்டோம்.

ஏன் ஓடினாய் என்ற பகுதியை அழகுபடுத்த வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எங்கள் காலத்தில் கேஸ் எழுதிக் கொடுக்கிற ஆட்கள் இருந்தார்கள். பத்துப் பேருக்கும் ஒரே கதை. விசாரணையில் என் கதை எனக்கே ஞாபகம் வராமல் முழிசினது இன்றைக்கும் மறக்கவில்லை. எரித்திரியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய சேவை பதினெட்டு மாதம்தான். 1998இல் எத்தியோப்பியாவோடு யுத்தம் தொடங்கிய பிறகு அதற்கு முடிவே இல்லாமல் போய்விட்டது. தங்கையின் கணவனும் அப்படி வருஷக்கணக்காகச் சேவையில் இருந்தவன். விடுப்பில் வந்தவன் திரும்பப் போகப் பிந்தினான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அவளைத் தேடி வந்தார்கள். அப்போது வயிற்றில் கடைக்குட்டி. அவள் சொன்ன சொல்லிலேயே எழுதினோம்.

அந்தக் கணவன் விஷயத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத ஆளின் பெயரை ஏன் போட வேண்டும், போட்டால் அங்கே அவனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று தங்கைக்குப் பயம். கணவன் இல்லை என்றே எழுதச் சொன்னாள். குழுவில் இரண்டு பேருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நான் விடவில்லை. போமில் சொல்லாமல் விட்ட கணவனையும் பிள்ளையையும் பிறகு குடும்பம் என்று கூப்பிடுவது மகா கஷ்டம். எங்கள் ஆட்களே இப்படி மறைத்து வருஷக்கணக்காக மாட்டுப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் "உடன் வராத கணவர், இருப்பிடம் தெரியாது" என்று எழுதி அனுப்பினோம்.

ஒட்டாவாவுக்கு அனுப்பின கட்டு இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. பிழை எங்களுடையதுதான். ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லை. யாருடையது என்று கேட்காதீர்கள். ஐந்தாவது ஆளுடையது.

நவம்பரில் திரும்பவும் அனுப்பினோம். அடுத்த மார்ச்சில் கொவிட். 2020 மார்ச் 17இல் ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆரும் குடிபெயர்வு அமைப்பான ஐ.ஓ.எம்.மும் மீள்குடியேற்றப் பயணங்களை நிறுத்துவதாக அறிவித்தன. ஜூனில் திரும்பத் தொடங்கினாலும் எங்கள் பைல் அசையவில்லை. முதியோர் இல்லத்தில் அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று இங்கே எழுதப் போவதில்லை. 2021 கடைசியில் நேர்முகம், 2022இல் மருத்துவப் பரிசோதனை, ஒக்ரோபர் கடைசியில் வருகை அறிவித்தல். பறக்க இன்னும் இரண்டு கிழமைகூட இல்லை. வாடகைக்கு வீடு தேட ஓடினோம்.

பியர்சனில் ஐ.ஓ.எம். என்று எழுதிய வெள்ளைப் பையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நாலு பேரும் வந்தார்கள். தங்கை அக்காவைக் கட்டிப் பிடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டது, "நீங்களா அந்த ஐந்தாவது?"

அந்தப் பன்னிரண்டு மாதம் காசு போதவில்லை. இரண்டு அறை பேஸ்மென்ட் வாடகையே பாதிக்கு மேல் தின்றது. ஆனால் பிள்ளைகளுக்கான அரசாங்க உதவிப் பணத்தை எங்கள் கணக்கில் கழிக்கக் கூடாது. அது தாயின் காசு. இதைக் குழுவில் ஒருவருக்கு விளங்கப்படுத்த மூன்று ஞாயிறு போயிற்று. மூத்தவன் ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம்தான் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போயிருந்தான். அப்படிப் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்கென்று ரொறன்ரோவில் தனி வகுப்பு உண்டு. கேட்டு வாங்க வேண்டும். விமான டிக்கெட் கடன் என்பதும் தங்கைக்கு அதிர்ச்சி. 2018இலிருந்து அதற்கு வட்டி இல்லை என்பது ஒரு ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் கோப்பி. பச்சைக் கொட்டையை வறுத்து, புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் காட்டி, மூன்று தடவை ஊற்றுவார்கள். மூன்றாவது ஊற்றுக்கு முன் எழும்பினால் மரியாதை இல்லை. அவர்களுடைய புளித்த ரொட்டியான இன்ஜெராவைத் தோசை போல என்று எல்லோரும் சொல்வார்கள்; எனக்கு அப்பத்தின் நடுப்பகுதிதான் ஞாபகம் வரும்.

2023 ஓகஸ்டில் அப்படி ஒரு ஞாயிறு, இரண்டாவது ஊற்றில் போன் அடித்தது. எத்தியோப்பிய நம்பர். கணவன்! எல்லை கடந்து வந்திருக்கிறான். அன்றைக்கு யாரும் கோப்பி குடித்து முடிக்கவில்லை. குடும்பம் வந்து ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால்தான் விட்டுவந்த கணவனைக் கூப்பிடும் வழி திறந்திருக்கும்; அதுவும் போமில் பெயர் இருந்திருந்தால்தான். பெயர் இருந்தது. ஒக்ரோபரில் அனுப்பினோம். இந்த முறை என் கையெழுத்தை மூன்று பேர் சரிபார்த்தார்கள்.

2024 நவம்பர் 29 முதல் ஐவர் குழுக்களிடமிருந்து புதிய விண்ணப்பம் எடுப்பதைக் கனடா நிறுத்திவிட்டது. வேலையிடத்தில் இன்னொரு பெண் தன் தம்பிக்காக என்னிடம் வந்தாள். கையை விரிக்க வேண்டியதாயிற்று. எங்கள் பைல் அதற்கு முன்னையது. இன்னும் பரிசீலனையில் என்றே இணையத்தில் காட்டுகிறது.

கடைக்குட்டிக்கு இப்போது எட்டு வயது. பள்ளிக்கூடக் கொப்பிகளில் தன் பெயரையும், கடைசிப் பெயராக அப்பாவின் பெயரையும் கூட்டி எழுதுகிறாள். போன் திரையில்தான் அவரைப் பார்த்திருக்கிறாள். போன கிழமை என்னிடம் கேட்டாள், "அன்ரி, அவர் வந்தால் அவருடைய கடைசிப் பெயர் என்ன?" அவருடைய அப்பாவின் பெயரைச் சொன்னேன். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.