மார்கழியில் 4.9, சித்திரையில் 4.6

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். வேலை செய்யும் இடம் வேலூர் சத்துவாச்சாரியில், மலையடிவாரத்தில் ஒரு மொட்டை மாடி அறை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்க்க எனக்குக் கிடைப்பது அந்த ஒரு மாதம்தான்.

என்னிடம் இருப்பது இன்டெல் ஐ5-8600கே பிராசசர். 6 கோர், அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது தானே ஏறும் டர்போவில் 4.3. பெயர் 'கே' என்று முடிவதால் மல்டிப்ளையருக்கு (வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்) பூட்டு இல்லை, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றலாம்; இதைத்தான் ஓவர்கிளாக் என்பார்கள். இசட்370 மதர்போர்டின் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) 49 என்று போட்டால் 4.9. மார்கழி ராத்திரி ஒன்றில் அப்படித்தான் போட்டேன், 1.33 வோல்ட் கொடுத்து. அறை 22 டிகிரி. பிராசசரை முழுமூச்சாக ஓட விடும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனை அரை மணி நேரம் ஓடியும் சூடு 78 டிகிரியைத் தாண்டவில்லை. சரி, முடிந்தது என்று மூடிவிட்டேன்.

சித்திரையில் ஒரு மதியம் என்னிடம் வேலை செய்யும் பையன் கூப்பிட்டான். "அண்ணா, தாலி கட்ற இடத்துல பச்சையா ஒரு கட்டம் வருதுணா."

நகர்த்திப் பார்த்தேன். மூன்று பிரேம். மாப்பிள்ளையின் கை மேல் சின்னச் சின்ன பச்சைச் சதுரங்கள். கேமரா கார்டில் இருந்த மூலத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மறுபடி ரெண்டர் போட்டேன், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கினேன். அந்த இடம் சரியானது, ஆனால் ஊஞ்சல் பாட்டில் வேறு பிரேம் கெட்டிருந்தது. அப்போதுதான் கோளாறு பைலில் இல்லை, பிராசசரில் என்று புரிந்தது. இத்தனைக்கும் விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத்திரை ஒருமுறைகூட வந்ததில்லை. கோளாறுகளைப் பதிந்துவைக்கும் விண்டோஸ் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் டபிள்யூஹெச்இஏ (ஹார்ட்வேர் பிழை) எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன. கணக்கில் பிழை வந்து, பிராசசரே அதைத் திருத்திக்கொண்ட பதிவுகள். அதன் கண்ணில் படாமல் நழுவியவை தாலிக்கு மேல் போய் உட்கார்ந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடுகிறது என்பதற்காக அதை ஸ்டேபிள் என்று சொல்லக் கூடாது.

அன்று அறை 38 டிகிரி. எங்கள் ஊர் மலையில் மரம் கிடையாது, பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிக்கும் திருப்பிக் கொடுக்கும். அறை 16 டிகிரி ஏறினால் பிராசசரும் கிட்டத்தட்ட அவ்வளவே ஏறும். 78 இருந்தது 94 ஆகியிருந்தது. 100-ஐத் தொட்டால் இந்த சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு முன்பே பிழை வரலாம், ஏனென்றால் சூட்டில் சிக்னல் மெதுவாகி, அடுத்த கிளாக் துடிப்புக்குள் போய்ச் சேராது. அதைச் சரிக்கட்ட வோல்டேஜை ஏற்றினால் சூடு இன்னும் ஏறும். வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மின்சாரம் கூடுகிறது. 1.2-இலிருந்து 1.3-க்குப் போனால் வேகம் மாறாமலே சுமார் 17 சதவீதம் அதிகம்.

கூலரைக் கழற்றினேன். தெர்மல் பேஸ்ட் ஓரமெல்லாம் காய்ந்து, வெற்றிலைப் பெட்டியில் மிஞ்சிய சுண்ணாம்பு போல வெடித்திருந்தது. கூலரின் தகடுகளுக்கு இடையே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஆற்காடு ரோடு மருந்துக் கடையில் வாங்கிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து மாட்டினேன்.

அப்புறம் முதலிலிருந்து வந்தேன். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி-யை அணைத்தேன், ரேம் பிழையும் பிராசசர் பிழையும் குழம்பக் கூடாதே. வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றினேன். சோதனை எல்லாம் மதியம் மூன்று மணிக்கு, ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி. பிழை தேடும் ஓசிசிடி சோதனை ஒரு மணி நேரம், பிறகு நிஜமான ஒரு கல்யாண ரெண்டர், கடைசியில் ஈவன்ட் வியூவர். 1.22 வோல்ட்டில் 4.6 நின்றது, சூடு 82. எனக்கு 85-க்கு மேல் வேண்டாம். கடைசியாக எக்ஸ்எம்பி-யைப் போட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு ராத்திரி ஓடியது.

இப்போது பயாஸில் இரண்டு ப்ரொஃபைல் இருக்கின்றன, பெயர் 'வெயில்', 'பனி'. இரண்டு மணி நேர ரெண்டருக்கு வெயிலில் ஏழெட்டு நிமிடம் கூட ஆகிறது. ஆகட்டும். அந்தப் பெண் வீட்டாருக்குத் தாலி கட்டுவதை இன்னொரு முறை எடுத்துக் கொடுக்க என்னால் முடியாது.

அதே கல்யாணத்தை 4.6-இல் மறுபடி ரெண்டர் செய்தேன். பையன் தாலி கட்டும் இடத்தைப் பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்துவிட்டு, பென்டிரைவை எடுத்துக்கொண்டு குடியாத்தம் பஸ் ஏறினான்.